ஊமையாய்ப் போன பொத்தான்கள்

மோட்டார் வண்டியிற் பூட்டப்படும் றேடியோப் பெட்டியைப் பற்றி ஞாயிறு மலரிலே ஒரு கட்டுரை எழுதுவோம் என்று ஓராண்டுக்கு முன் எவரேனும் எம்மிடங் கூறியிருந்தால் நாம் நகைத்திருப்போம். நாம் கல்லூரியொன்றிற் பௌதிகவியல் கற்பிப்பவர். இருபது ஆண்டுகளாக ஓமின் விதியைக் கரும்பலகையில் எழுதி அழித்து வருபவர். வண்டிக்கும் எமக்கும் இருந்த உறவோ பெற்றோல் நிரப்புவதோடும் சில்லுக்குக் காற்றடிப்பிப்பதோடும் நின்றிருந்தது. அவ்வுறவு சற்று நெருங்கிய கதையை, வண்டி வைத்திருப்போர்க்கும் உயர்தர வகுப்பு மாணவர்க்கும் ஒருங்கே பயன்படும் என்று கருதி இங்கு எழுதுகின்றோம்.

எமது வண்டி 2015ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட ரொயோட்டா அக்சியோ. யப்பான் நாட்டிற் சிலகாலம் ஓடிப் பின்னர்க் கடல் கடந்து இலங்கைக்கு வந்த வண்டிகளுள் ஒன்று. இத்தகைய வண்டிகள் வரும்போது தம் தாய்மொழியையும் உடன்கொண்டே வருகின்றன. சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் ஏதோ கூறும். திரையிலே எழுத்துகள் வரிவரியாகத் தோன்றும், ஒன்றும் விளங்காது. வழிகாட்டும் படமும் யப்பான் நாட்டின் படமே. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவியலாதது ஒன்றுண்டு. யப்பானிலே எப்.எம். ஒலிபரப்பு 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையிலேயே நெடுங்காலம் நடைபெற்றது. 2014ஆம் ஆண்டு முதல் 95 வரை நீட்டினர். இலங்கையிலோ அது 87.5 முதல் 108 வரை நடைபெறுகின்றது. ஆதலின் அந்நாட்டுக்கென்று செய்த றேடியோ நம் நாட்டு ஒலிபரப்பின் ஒரு சிறு ஓரத்தை மாத்திரமே பிடிக்கும். எஞ்சிய நிலையங்கள் யாவும் அதன் காதுக்கு எட்டாதவை.

இதற்கு மாற்றாக ஒரு சிறு பெட்டியை ஏரியல் வயரின் நடுவிற் பூட்டி, மேலுள்ள அலைகளைக் கீழே இறக்கிக் கேட்பாரும் உளர். அப்படிச் செய்தால் திரையில் தெரியும் எண் ஒன்று, உண்மையான எண் வேறொன்று. "செய்தி கேக்கிறதுக்கு முன்னம் கணக்குப் போடவேணுமோ?" என்று எம் இல்லத்தரசியார் வினவவே, புதிய றேடியோ ஒன்றை வாங்குவதென்று முடிவாயிற்று. அகன்ற கண்ணாடித் திரையோடு கூடியதாய், ஆங்கிலத்தில் எழுத்துத் தோன்றுவதாய் ஒன்றை வாங்கி, நகரத்திலே ஒரு கடையிற் கொடுத்துப் பூட்டுவித்தோம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஓசையும் நன்றாகவே இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியிலேதான் குறையைக் கண்டோம். ஸ்டியரிங் என்று யாவரும் வழங்கும் சுக்கானின் இடப்பக்கத்திற் சில பொத்தான்கள் உண்டு. ஓசையைக் கூட்டுதல், குறைத்தல், அடுத்த நிலையத்துக்குச் செல்லல், முன்னைய நிலையத்துக்கு மீளல் ஆகிய இவற்றையெல்லாம் சுக்கானிலிருந்து கையை எடாமலே பெருவிரலாற் செய்யலாம். யப்பானிய றேடியோ இருந்தவரையில் அவை ஒழுங்காக வேலை செய்தன. புதியது வந்தபின் எதை அமுக்கினாலும் பதிலில்லை. திரும்பிச் சென்று கேட்டோம். கடைக்காரர் மிகவும் அமைதியாக, "மாஸ்ரர், வெளிச் செற் போட்டால் அந்தப் பட்டன் வேலை செய்யாது. எல்லாற்ரை வண்டியிலும் அப்பிடித்தான்" என்றார். எல்லாருக்கும் உள்ள குறை எமக்கும் இருப்பதில் வியப்பில்லை என்று நாமும் வந்துவிட்டோம். கற்றவர் என்ற பெயர் இருந்தும் அன்று ஒரு கேள்வியேனும் கேளாமல் வந்தோமே என்பதை நினைக்கும்போது இப்போதும் நாணம் உண்டாகின்றது.

கடந்த ஐப்பசி மாதத்தில் ஒரு நாட் பிற்பகல், கொடிகாமத்திலுள்ள உறவினர் வீட்டிலிருந்து கண்டி வீதி வழியே யாழ்ப்பாணத்தை நோக்கி வந்துகொண்டிருந்தோம். பாடசாலை விடும் நேரம். பின்னாசனத்தில் எம் தாயார் கண்ணயர்ந்திருந்தார். மெல்ல ஒலித்துக்கொண்டிருந்த பாட்டு முடிந்ததும் ஒரு விளம்பரம் பெருங்கூச்சலாக எழுந்தது. ஓசையைக் குறைப்பதற்கு இடக்கையை நீட்டினோம். பழைய றேடியோக்களிலே திருகும் குமிழ் ஒன்று இருக்கும். பாராமலே அதனைத் தடவிப் பிடிக்கலாம். எமது புதிய பெட்டியிலே குமிழ் இல்லை. கண்ணாடியின் மேல் வரைந்த கோடொன்றே உண்டு. அதனைக் கண்ணாற் கண்டே தொட வேண்டும். வண்டி சற்றுக் குலுங்கியதால் விரல் வேறிடத்திற் பட்டது; படமொன்று திறந்துகொண்டது. அதனை மூட மறுபடியும் பார்த்தோம்.

"இஞ்சாருங்கோ! பிள்ளை! பிள்ளை!"

பிறேக்கை மிதித்தது நாமா, எம் காலா என்று தெரியாது. வண்டி நின்றபோது வெள்ளைச் சீருடை அணிந்த ஒரு சிறுமி, துவிச்சக்கர வண்டியின் மேல் ஒரு காலும் தார் வீதியில் ஒரு காலுமாக, எம் வண்டியின் முகப்பிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றாள். அவளுடைய தண்ணீர்ப் போத்தல் உருண்டு எமது வண்டியின் கீழே போய்விட்டது. எம் மனைவியார் இறங்கிக் குனிந்து அதனை எடுத்துக் கொடுத்தார். அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. போத்தலை வாங்கிக் கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். விளம்பரம் அப்போதும் கத்திக்கொண்டே இருந்தது.

அன்றிரவு உறக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடுகின்றது. விரல் தவறியதும் மறுபடி பார்த்ததுமாக நம் கண் வீதியை விட்டு இரண்டு செக்கன் அகன்றிருந்தது என்று கொண்டாலும், 28 மீற்றர் தூரம் நாம் குருடராய் வண்டி ஓட்டியிருக்கின்றோம். அமெரிக்காவிலே 1930ஆம் ஆண்டில் கல்வின் என்னும் சகோதரர்கள் மோட்டரோலா என்ற பெயரில் வண்டிக்குரிய றேடியோவை விற்பனைக்குக் கொணர்ந்த காலத்திலே, இது சாரதியின் கவனத்தைக் கெடுக்கும் என்று சொல்லித் தடுக்க முயன்றோர் இருந்தனர். அவர்களை நாம் பழமைவாதிகள் என்றே எண்ணியிருந்தோம். அன்றிரவு அப்படி எண்ண முடியவில்லை.

மறுவாரம் எம் பழைய மாணவர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தோம். வகுப்பிலே கடைசி வாங்கில் இருந்தவர். பௌதிகவியலிற் சாதாரண சித்தியோடு வெளியேறியவர். இப்போது வண்டிகளின் மின்வேலை பார்க்கின்றார். பேச்சோடு பேச்சாக எமது குறையைச் சொன்னோம். அவர் மறுநாள் மாலையே வீட்டுக்கு வந்து, றேடியோவைச் சூழவுள்ள சட்டத்தைக் கழற்றி, பெட்டியை முன்னே இழுத்து, உள்ளே கையை விட்டார். நாடா சுற்றி ஓரமாய் ஒதுக்கப்பட்டுக் கிடந்த ஒரு சிறு பிளக்கை எடுத்துக் காட்டினார்.

"சேர், உங்கடை பட்டன் சாகேல்லை. கதைச்சுக்கொண்டுதான் இருக்கு. கேக்கத்தான் ஆளில்லை."

நடந்தது யாதெனில், எமது வண்டியில் றேடியோவுக்குப் பின்னால் வரும் வயர்கள் ஒரே கட்டாய் வருவனவல்ல. 10 முனைகள் உள்ள பிளக் ஒன்றும் 6 முனைகள் உள்ள பிளக் ஒன்றும் மின்சாரத்தையும் ஒலிபெருக்கிகளையும் சேர்ந்தவை. இவ்விரண்டுக்கும் பொருந்தும் இடைவயர் கடைகளில் ஆயத்தமாகவே கிடைக்கும். அதனை மாட்டினால் றேடியோ பாடத் தொடங்கிவிடும். சுக்கானிலிருந்து வரும் வயர்களோ வேறொரு பிளக்கில் வருகின்றன. அதனைத் தொடாமலே விட்டாலும் பாட்டுக்குக் குறைவில்லை. ஆதலாற் கடைக்காரர் தொடாமலே விட்டுவிட்டார்.

இனி, அப்பொத்தான்கள் பேசும் மொழி எத்தகையது என்பதைக் கூறுவோம். மாணவர்கள் இதனைச் சற்று ஊன்றிப் படிப்பார்களாக.

சுக்கானில் எட்டுப் பொத்தான்கள் இருந்தால் எட்டு வயர்கள் வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆனாற் சுக்கான் சுழல்வது. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரையில் அது ஏறக்குறைய மூன்று முறை சுற்றுகின்றது. சாதாரண வயரைக் கட்டினால் அது முறுக்குண்டு அறுந்துவிடும். இதற்காகச் சுக்கானுக்கு அடியிலே தட்டையான ஒரு நாடா வயரைக் கடிகாரத்துச் சுருள்வில்லைப் போலச் சுருட்டி ஒரு வட்டப் பெட்டியில் வைத்திருக்கின்றனர். சுக்கான் ஒரு பக்கம் சுழலும்போது சுருள் இறுகும்; மறுபக்கம் சுழலும்போது தளரும். ஹோணின் வயரும், பின்னர் நாம் சொல்லப்போகும் காற்றுப்பையின் வயரும் இதன் வழியாகவே செல்கின்றன. இத்துணைச் சிறிய இடத்திலே வயர்களின் தொகையைக் குறைப்பது எவ்வளவுக்கு இயலுமோ அவ்வளவுக்கு நன்று. ஆகவே பல பொத்தான்களை ஒரே வயரிற் சேர்த்துவிட்டனர். சேர்த்தால் எது எது என்று எப்படி அறிவது? அங்கேதான் ஓமின் விதி வருகின்றது. ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கும்போது, வெவ்வேறு அளவுள்ள தடையின் ஊடாக அவ்வயர் 'ஏர்த்'துடன் இணையுமாறு செய்துள்ளனர். பொத்தானின் பெயரே அதன் தடை.

எமது வண்டியில் மூன்று வயர்கள் வந்திருந்தன. ரொயோட்டா வரைபடங்களில் அவற்றை எஸ்டபிள்யூ 1, எஸ்டபிள்யூ 2, எஸ்டபிள்யூஜி என்று குறிப்பதுண்டு. மூன்றாவது ஏர்த். மாணவர் தமது மல்ரிமீற்றரை எடுத்துத் தடை அளக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை முதலாம் வயரிலும் மறுமுனையை ஏர்த்திலும் பிடித்துக்கொண்டு, "இப்ப ஒவ்வொண்டா அமத்துங்கோ சேர்" என்றார். (அந்தப் பிளக் எதனோடும் இணையாமல் இருக்கும்போதே தடையை அளத்தல் வேண்டும், றேடியோவோடு இணைந்திருக்கையில் அளந்தால் வரும் எண் பொய்.) ஒன்றையும் அமுக்காதபோது ஏறக்குறைய 100,000 ஓம். அடுத்த நிலையத்துக்குரிய பொத்தானை அமுக்க, கிட்டத்தட்டச் சுழியம். முன்னைய நிலையத்துக்குரியது 330. ஓசையைக் கூட்டுவது 1000. குறைப்பது 3100. இரண்டாம் வயரிலே தொலைபேசிக்கும் பிறவற்றுக்கும் உரிய பொத்தான்கள் இவ்வாறே தத்தம் எண்களைச் சொல்லின. ஊமையென்று நாம் கைவிட்டவை, கேட்டவுடன் ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லக் கண்டு நாம் சிறிது நேரம் சுக்கானைப் பிடித்தபடியே இருந்துவிட்டோம்.

றேடியோ இவ்வெண்களை எங்ஙனம் அறிகின்றது? அதனிடம் தடையளக்கும் மீற்றர் இல்லை. அது தன்னிடமுள்ள சிறிய மின்னழுத்தத்தை ஒரு தடையின் ஊடாக அவ்வயருக்கு அனுப்பி, வயரிலே எவ்வளவு அழுத்தம் எஞ்சியிருக்கின்றது என்று பார்க்கின்றது. கணக்கின் பொருட்டு, அழுத்தம் 5 வோல்ற்று, றேடியோவினுள்ளே இருக்கும் தடை 1000 ஓம் என்று கொள்வோம். ஓசை கூட்டும் பொத்தானை அமுக்கினால் 1000 ஓமும் 1000 ஓமும் தொடராக நின்று அழுத்தத்தைச் சமமாய்ப் பங்கிட்டுக்கொள்ளும், வயரில் 2.5 வோல்ற்று இருக்கும். 330 ஓம் பொத்தானுக்கு 5 ஐ 330 ஆற் பெருக்கி 1330 ஆல் வகுக்க, 1.24 வோல்ற்று. 3100 ஓமுக்கு 3.78. சுழியத்துக்குச் சுழியம். ஒன்றையும் அமுக்காதபோது 5 வோல்ற்றுக்கு மிக அண்மை. றேடியோவினுள் இருக்கும் சிறு கணிப்பான் இவ்வழுத்தத்தை எண்ணாக மாற்றி, 'இந்த எண்ணுக்கு இந்த வேலை' என்று நினைவில் வைத்துக்கொள்கின்றது.

எமது றேடியோவின் பின்புறத்தில் இதற்கென்றே இரு வயர்கள் இருந்தன. அவற்றின் தலைப்பில் கீ 1, கீ 2 என்று சிறிதாக அச்சிட்டிருந்தது. வயரின் நிறத்தை நம்புதல் ஆகாது. செய்வோருக்குச் செய்வோர் நிறம் மாறும். தலைப்பில் உள்ள எழுத்தையோ, பெட்டியின் மேல் ஒட்டிய தாளையோ படித்தே தொட வேண்டும். சுக்கானின் முதலாம் வயரைக் கீ 1 உடனும், இரண்டாம் வயரைக் கீ 2 உடனும், ஏர்த் வயரை றேடியோவின் ஏர்த்துடனும் இணைத்தாற் போதும். இவ்வளவே. பின்னர்ச் சாவியைத் திருப்பி, திரையிலே சுக்கான் பொத்தான்களைப் பழக்கும் பக்கத்தைத் திறந்து, ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி, அது செய்ய வேண்டிய வேலையின் படத்தைத் திரையிலே தொட வேண்டும். றேடியோ கற்றுக்கொண்டதற்கு அறிகுறி காட்டும். எல்லாம் முடிந்தபின் சேமிக்குமாறு கட்டளை கொடுத்தல் அவசியம். இதனை மறந்து, 'காலையில் எல்லாம் மறந்துபோச்சு' என்று திரும்பி வருவோர் பலர் என்று மாணவர் சொன்னார். மாணாக்கரிடத்தும் நாம் காணும் குறையே அது.

சில றேடியோக்களில் இவ்விரு வயர்கள் இல்லாமல், 3.5 மில்லிமீற்றர்த் துளையொன்று பின்புறத்தில் இருக்கும். அவை தம் சொந்தத் தடை எண்களையன்றிப் பிறவற்றை விளங்கிக்கொள்ளா. அங்கே சுக்கானுக்கும் றேடியோவுக்கும் இடையில் ஒரு துவிபாஷியைப் போல ஒரு சிறு பெட்டி வேண்டும். அது வண்டியின் எண்ணைக் கேட்டு, றேடியோவுக்கு விளங்கும் எண்ணாகச் சொல்லும். வாங்கும்போதே எவ்வகை றேடியோ என்று கேட்டு வாங்கினால் இச்செலவு மிஞ்சும்.

இங்கே நாம் செய்த ஒரு பிழையை மறைப்பது முறையன்று. மாணவர் இரண்டு இணைப்புகளைப் பற்றாசு பிடித்து முடித்த வேளையில், மூன்றாவதாகிய ஏர்த் வயரை நாமே இணைக்க ஆசைப்பட்டோம். "குடு தம்பி, இதையாவது நான் செய்யிறன்" என்று வாங்கி, இரு வயர்களின் நுனிகளையும் முறுக்கி, மேலே நாடா சுற்றினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியரின் கையைத் தட்ட அவருக்கு மனம் வரவில்லைப் போலும். சில கிழமைகள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. மாரி வந்தது. ஒரு நாள் முன்னைய நிலையத்துக்குரிய பொத்தானை அமுக்கினோம். நிலையம் மாறவில்லை, ஓசை கூடியது. ஓசையைக் கூட்டும் பொத்தானை அமுக்கினால் ஒன்றுமே நிகழவில்லை. அடுத்த நிலையத்துக்குரியதும் செயலற்றுப் போயிற்று. ஓசையைக் குறைக்கும் பொத்தான் மாத்திரம் ஒரு பிழையுமின்றி வேலை செய்தது.

வண்டியை விட்டு இறங்காமலே கடதாசி ஒன்றை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். நாம் முறுக்கிய இணைப்பு மழை ஈரத்திலும் யாழ்ப்பாணத்துக் கடற்காற்றிலும் களிம்பேறித் தானே ஒரு தடையாகியிருத்தல் வேண்டும். அது ஏர்த்திலே தொடராக நிற்பதால் ஒவ்வொரு பொத்தானின் எண்ணோடும் கூடும். அது 700 ஓம் என்று கொண்டால், 330 உம் 700 உம் 1030. 1000 என்னும் பெயருடைய பொத்தான் என்றே றேடியோ கருதிவிடும். 1000 உம் 700 உம் 1700. அந்த எண்ணுக்கு உரியவர் எவருமில்லை. சுழியம் 700 ஆகும், அதற்கும் ஆளில்லை. 3100 ஆனது 3800 ஆகும். ஆயின் முன்னே கொண்ட கணக்கின்படி அழுத்தம் 3.78 இலிருந்து 3.96 வரையிலேயே உயரும். அவ்வளவு சிறு வேறுபாட்டை றேடியோ பொறுத்துக்கொள்ளும். நான்கு பொத்தான்களும் காட்டிய நான்கு குணங்களுக்கும் ஒரே காரணம். மாணவர் வந்து நாடாவை அவிழ்த்தபோது செப்பு பச்சை நிறமாயிருந்தது; மீற்றர் 680 என்று காட்டியது. அவர் அதனைச் சுரண்டிப் பற்றாசு பிடித்து, சூட்டிலே சுருங்கும் குழாயொன்றை மேலே போர்த்தினார். இந்தக் கணக்கை அப்படியே தவணைப் பரீட்சையில் வினாவாகக் கொடுத்தோம். இருபது ஆண்டுகளில் எம் வினாத்தாளில் வந்த வினாக்களுள், மாணவர்கள் மண்டபத்தை விட்டு வெளியேறிய பின்னும் வாதாடிக்கொண்டு சென்ற வினா இது ஒன்றேயாம்.

இனி எச்சரிக்கைகள். இப்பகுதியை ஒருவரும் தாண்டிப் போகலாகாது.

சுக்கானின் நடுவிலே, ஹோண் அடிக்கும் மூடிக்குள் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. விபத்து நேர்கையிற் கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த நேரத்தில் அது வெடித்து விரிந்து சாரதியின் மார்பைக் காக்கும். காக்க வேண்டிய வேளையிற் காக்கும் அதே விசை, குனிந்து திருப்புளியோடு வேலை செய்பவரின் முகத்திலும் தாக்கும். அதன் வயர்களும் பிளக்குகளும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தன. மஞ்சளைக் கண்டால் கை பின்வாங்க வேண்டும். மல்ரிமீற்றரால் அதனை ஒருபோதும் அளக்கலாகாது. தடையை அளப்பதற்காக மீற்றர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதனை வெடிக்கச் செய்யக்கூடும். நாம் மேலே சொன்ன வேலை முழுவதும் றேடியோவின் பின்புறத்திலேயே முடிந்துவிடுவது. சுக்கானைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. பொத்தான் இல்லாத சுக்கானுக்குப் புதிதாகப் பொத்தான் பூட்ட விரும்புவோர் காற்றுப்பையைக் கழற்றியே ஆக வேண்டும். அது வீட்டு வாசலிற் செய்யும் வேலையன்று. அதில் முறையான பயிற்சி உள்ளவரிடமே கொடுக்க வேண்டும். அவரும் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிய பின், குறைந்தது 90 செக்கன் காத்திருந்தே கைவைப்பார். பற்றரியைக் கழற்றிய பின்னரும் காற்றுப்பையை வெடிக்கச் செய்யப் போதிய மின்சாரம் ஒரு கொள்ளளவியிற் சற்று நேரம் தங்கியிருக்கும் என்பதே அதன் காரணம். சுருள் நாடாப் பெட்டியை நடுநிலை பாராமல் மறுபடி பூட்டினால், அடுத்த முறை சுக்கானை முழுவதும் திருப்பும்போது நாடா அறுந்துவிடும். அறுந்தால் ஹோண் அடிக்காது, பொத்தானும் பேசாது, காற்றுப்பையும் விரியாது.

மற்றொன்று, யப்பானிய றேடியோவை இன்னும் மாற்றாமல் வைத்திருப்போருக்கு. அவற்றுட் சில, பற்றரியைக் கழற்றிப் பூட்டியதும் தம்மைத் தாமே பூட்டிக்கொண்டு, வரைபடம் பதிந்த எஸ்.டி. அட்டையைக் கேட்டு நிற்கும். அட்டை தொலைந்திருந்தால் திறப்பது பெரும்பாடு. பற்றரியில் கைவைக்குமுன் அவ்வட்டை வண்டியில் இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்க.

எல்லா வண்டிகளும் தடையின் மொழியிலேயே பேசுவனவுமல்ல. ஜெர்மனி நாட்டிலே பொஷ் நிறுவனத்தார் வகுத்து 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட கான் என்னும் முறையைக் கையாளும் வண்டிகள் பல. ஐரோப்பிய வண்டிகளிலும் புதிய வண்டிகளிலும் இது மிகுதி. அங்கே சுக்கானுக்கு அடியிலுள்ள ஒரு கணிப்பான் பொத்தானின் அசைவைக் கண்டு, அதனை எண்களாலான செய்தியாக்கி, ஒன்றோடொன்று முறுக்கிய இரு வயர்களில் அனுப்பிவிடுகின்றது. அதே இரு வயர்களில் எஞ்சினின் செய்தியும் பிறேக்கின் செய்தியும் செல்லக்கூடும். அவ்விரு வயர்களுக்கிடையில் மீற்றரை வைத்தால் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஏறக்குறைய 60 ஓம் என்றே காட்டும். வயரின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருப்பதே காரணம். எண் மாறாமல் நின்றால் இது கான் என்று ஐயுற்று உடனே கையை எடுத்துவிட வேண்டும். அங்கே கீ வயரைப் பூட்டினால் கெடுவது றேடியோ மாத்திரமன்று. அவ்வண்டிகளுக்கென்று செய்திகளை மொழிபெயர்க்கும் பெட்டிகள் தனியே உண்டு. வண்டியின் பெயரும் ஆண்டும் சொல்லியே அவற்றை வாங்க வேண்டும்.

எமது வண்டியில் இப்போது ஆறு பொத்தான்கள் பேசுகின்றன. தாயார் பின்னாசனத்தில் உறங்கினால் பெருவிரலை ஒரு முறை அசைத்தாற் போதும். மாணவர் கடைசியாகப் பொத்தான்களைப் பழக்கிக்கொண்டிருந்தபோது, "சேர், இந்த ரெலிபோன் பட்டனுக்கும் போட்டுவிடட்டே? ஓடிக்கொண்டே கதைக்கலாம்" என்று கேட்டார். எமக்குக் கொடிகாமத்து வீதியும், உருண்டு சென்ற அந்தத் தண்ணீர்ப் போத்தலும் நினைவுக்கு வந்தன. "அது வேண்டாம் தம்பி" என்றோம். அவர் எம் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. சேமிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டுச் சட்டத்தைப் பூட்டத் தொடங்கினார். அந்த ஒரு பொத்தான் இன்றும் ஊமையாகவே இருக்கின்றது.